நிறைமாசத்து வராண்டா

"கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?"

நர்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றுகிறாள். பின்னால் நிற்கும் அவள் அம்மா முந்திக்கொள்கிறாள்.

"பிள்ளையாரைக் கரைச்ச மறுநாளு சிஸ்டர்."

"உங்க ஊர்ல மூணாம் நாள் கரைச்சாங்களா, அஞ்சாம் நாளா?"

"எப்பவும் அஞ்சாம் நாளு. இந்த வருஷம் மூணாம் நாளே கரைக்கச் சொல்லிட்டாங்க."

சுவரில் மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர். நர்ஸ் இரண்டு மூன்று தாள்களைப் பின்னால் தள்ளி, பிள்ளையார் படம் போட்ட கட்டத்தில் விரலை வைத்து, அங்கிருந்து மூணு கட்டம் நகர்த்துகிறார். நோட்டில் தேதி ஏறுகிறது. பின்னால் நிற்கும் அடுத்தவள் மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது என்கிறாள். அதற்கடுத்தவள் சம்பளம் ஏறிய நாளை வைத்துச் சொல்கிறாள். போனில் வங்கி எஸ்.எம்.எஸ். இருக்கிறது, அதனால் அவள் தேதி மட்டும் துல்லியம்.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஆரம்ப சுகாதார நிலையம் இது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். கார்த்திகை பிறந்துவிட்டதால் ஒன்பது மணி ஆகியும் குளிர் விடவில்லை. நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர், சுடிதாருக்கு மேல் கணவனின் கம்பெனி ஜாக்கெட், புடவைக்கு மேல் சால்வை. வராண்டா ஓரத்தில் நாலைந்து பேர் பிளாஸ்டிக் டம்ளரில் குளுக்கோஸ் தண்ணீரை மூக்கைச் சுளித்தபடி விழுங்குகிறார்கள். 75 கிராம். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும்வரை எங்கும் போக முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக வந்த நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் இந்த ஊருக்குப் புதிதில்லை. இப்போது இந்தியும் ஒடியாவும் வங்காளமும் சேர்ந்துவிட்டன. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்த காலத்தில் ஆண்கள்தான் அதிகம் வேலைக்கு வந்தார்கள். இன்று தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மின்னணு ஆலைக்கும் பர்கூர் பக்கத்து மின் ஸ்கூட்டர் ஆலைக்கும் கல்யாண வயதுப் பெண்கள் பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள். லைன் வீடுகளில் புதுக்குடித்தனங்கள். ஆகவே இந்த வராண்டாவில் செவ்வாய்க்கிழமைகளில் பெஞ்சு போதுவதில்லை.

நர்ஸின் கணக்கு எளிது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 7 நாளைக் கூட்ட வேண்டும், மாதத்தோடு 9-ஐக் கூட்ட வேண்டும். மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து மகப்பேறு மருத்துவர் பிரான்ஸ் நேகெலே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்த வழி இது. இருநூறு ஆண்டு ஆகியும் உலகம் முழுக்க இதைத்தான் முதலில் போடுகிறார்கள். மாதவிடாய் 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும், 14ஆம் நாள் வாக்கில் கருமுட்டை வெளிவரும் என்று நம்பிக்கொண்டுதான் இந்தக் கணக்கு நடக்கிறது. மொத்தம் 280 நாள், 40 வாரம். இதில் முதல் இரண்டு வாரம் கருவே கிடையாது. குழந்தை வயிற்றில் இருப்பது சுமார் 38 வாரம்தான்.

இந்த இரண்டு வாரம் என்ன செய்யும் என்பதை அன்று பார்த்தேன்.

லாரி ஓட்டுகிறவர் போலிருக்கிறது, காக்கிச் சட்டை. மனைவியின் அட்டையை வாங்கி நின்ற இடத்திலேயே படித்தவர் நர்ஸ் மேஜைக்கு வந்தார். "பன்னெண்டு வாரம்னு போட்டிருக்கீங்க. நான் குஜராத் லோடு இறக்கிட்டு வீட்டுக்கு வந்தே பத்து வாரம்தான் ஆவுது." குரல் உயரவில்லை. ஆனால் வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பேனாவை மூடினார். "உக்காருங்கண்ணா. இது உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம். வாரம் எண்ணுறது கரு உண்டான நாள்ல இருந்து இல்ல. அதுக்கு முந்தி தூரமான நாள்ல இருந்து. அதனால ரெண்டு வாரம் கூடத்தான் காட்டும். அட்டையில பன்னெண்டுனா வயித்துல இருக்கிற புள்ளைக்குப் பத்து வாரம். நீங்க வந்ததுக்குச் சரியா இருக்கு பாருங்க."

அவர் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். "சரிங்க சிஸ்டர்" என்று மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த பையைத் தான் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் நெடுநேரம் நிமிரவில்லை. அட்டையை முதன்முதலில் கையில் கொடுக்கும்போதே இந்த இரண்டு வாரத்தைப் புருஷனையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கத் தைரியமில்லாமல் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே குடித்தனம் நடத்துகிறவர்கள் எத்தனை பேரோ. இவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டது அந்தப் பெண்ணுக்கு நல்லதாகப் போயிற்று.

அட்டை என்று சொன்னால் இந்த எல்லையில் ஒரு அட்டை போதாது. அத்திப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டு, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண் ஒருத்தி இரண்டு அட்டைகளை நீட்டுகிறாள். ஒன்று கர்நாடகத்தின் கன்னட எழுத்துத் 'தாயி' அட்டை. மற்றது இங்கே கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் போட்டுக் கொடுத்தது. அந்த எண் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும், அதனால் அதை பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாள். இரண்டிலும் தேதி வேறு. அங்கே ஸ்கேன் தேதியை எழுதியிருக்கிறார்கள், இங்கே குளித்த தேதியை வைத்து எழுதியிருக்கிறார்கள். ஆறு நாள் வித்தியாசம். "எதை வெச்சுக்கறது சிஸ்டர்?" என்கிறாள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன், ஆறு நாள்தான் வித்தியாசம், அதனால் குளித்த தேதியே இருக்கட்டும் என்கிறார் நர்ஸ். வித்தியாசம் ஏழு நாளைத் தாண்டினால்தான் ஸ்கேன் தேதிக்கு மாற்றுவார்களாம். அவளுக்கு நிம்மதி. சீக்கிரம் முடிந்தது அது.

முடியாமல் இழுத்தது இன்னொன்று.

மருமகளுக்கு 23 இருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையின் நாடா, கையில் போன். பக்கத்தில் மாமியார், மடியில் மஞ்சள் பை. மருமகளின் கடைசி மாதவிடாய் மார்ச் 10. அட்டையில் டிசம்பர் 17 என்று இருக்கிறது. போனில் இருக்கும் ஆப் 280 நாளை ஒவ்வொன்றாக எண்ணி டிசம்பர் 15 என்கிறது. ஜூன் தொடக்கத்தில் எடுத்த முதல் ஸ்கேனில் டிசம்பர் 24. மூன்று தேதியும் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம்.

மாமியாருக்குத் தேவை நாலாவது தேதி. மஞ்சள் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுக்கிறாள். ஜோசியர் எழுதிக் கொடுத்தது. டிசம்பர் 11, காலை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்.

"16ஆம் தேதி மார்கழி பொறந்துடுது டாக்டரம்மா. டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில கேட்டோம். 39 வாரம் முடிஞ்சுதுன்னா எடுத்துக் குடுக்குறேன்னு சொல்லிட்டாங்க. இவ போன்ல பார்த்தா 39 முடிஞ்சு மூணு நாள் காட்டுது. நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டா போதும்."

மருத்துவர் இளவயதுக்காரர். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குகிறார். மேஜையில் கொண்டைக்கடலை சுண்டல் டப்பா திறந்தபடி இருக்கிறது. சாப்பிட நேரமில்லை.

"உனக்கு மாசாமாசம் கரெக்டா வருமா?"

மருமகள் மாமியாரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறாள். "வராது மேடம். நைட் ஷிப்ட் மாத்துற மாசமெல்லாம் தள்ளித் தள்ளித்தான் வரும். 35 நாள், 38 நாள்கூட ஆகும்."

"அப்ப ஸ்கேன் தேதிதான் உன்னோட தேதி. 24. யாராவது மாத்தி எழுதியிருக்கணும், எழுதல." அடித்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். "11ஆம் தேதிக்கு உனக்கு 39 முடியாது. 38 வாரம் ஒரு நாள்."

மாமியார் தாளைப் பார்க்கிறாள், காலண்டரைப் பார்க்கிறாள். ஒன்பது நாளில் என்ன வந்துவிடும் என்பது முகத்தில் தெரிகிறது.

அவளை மட்டும் சொல்வதற்கில்லை. ஒன்பதாம் மாசம் பிறந்துவிட்டால் நிறைமாசம்தானே என்றுதான் எல்லா வீட்டிலும் நினைக்கிறோம். 37 வாரம் முடிந்தால் குறைமாதம் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதையே மருத்துவர்களும் வெகுகாலம் ஒரே கட்டாக எடுத்துக்கொண்டார்கள். 37-இல் பிறந்ததும் 41-இல் பிறந்ததும் ஒன்று என்பது போல. 2013-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் அந்தக் கட்டைப் பிரித்தது. 37 தொடங்கி 38 வாரம் 6 நாள் வரை முன்நிறைவு. 39 தொடங்கி 40 வாரம் 6 நாள் வரைதான் முழு நிறைவு. 41 வாரம் முடிந்தால் பின்நிறைவு. 42-ஐத் தொட்டால் நாள் கடந்தது. காரணமில்லாமல் பிரிக்கவில்லை. 37, 38-இல் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலும் மஞ்சள் காமாலையும் பால் குடிக்கத் தெரியாமல் சோர்ந்துபோவதும் 39-இல் பிறந்தவர்களைவிட அதிகம் என்பதைப் பார்த்த பிறகுதான் பிரித்தார்கள். நுரையீரலின் காற்றுப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பூச்சு சுரக்க வேண்டும். அது போதுமான அளவுக்கு ஊறுவது கடைசி வாரங்களில். 35 வாரத்துக் குழந்தையின் மூளை எடை நிறைமாதக் குழந்தையின் மூளை எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்தக் கடைசி நாலைந்து வாரம் குழந்தை சும்மா படுத்திருப்பதாக நாம் நினைக்கும் வாரங்கள்.

தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் 32-இலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதில் பேச்சே இல்லை. நட்சத்திரத்துக்காக எடுப்பதுதான் வேறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 அறுவைசிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 64. அவற்றில் எத்தனை நல்ல நேரத்துக்காக நடந்தவை என்று எந்த ஆய்வுத் தாளும் சொல்லாது. இந்த வராண்டாவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் நம் பெரியவர்களுக்குப் பிரசவ தேதிக் கணக்கு தெரியாமல் இல்லை. ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது எதற்காக? ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிரசவம், வெயிலில் தாயும் பிள்ளையும் தாங்க மாட்டார்கள் என்பார்கள். இங்கே கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் ஆஷாட மாசத்தில் அதையே செய்கிறார்கள். நேகெலேயின் கூட்டலைவிட இது பழைய கூட்டலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு மாதத்தோடு நின்றது. இன்ன மாதத்தில் பிறக்கும் என்று சொன்னார்களே தவிர, பத்து மணிக்குப் பிறக்கட்டும் என்று வயிற்றைத் திறக்கச் சொல்லவில்லை.

மாமியாரும் மருமகளும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்கிறார்கள். யாரும் பேசவில்லை.

அடுத்த நாற்காலியில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஜோடி. இருவருக்கும் ஒரே கம்பெனியில் ஒப்பந்த வேலை. நர்ஸ் தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்கிறார். "லாஸ்ட் பீரியட் கப் ஆயா?" அந்தப் பெண் தணிந்த குரலில், "சர்ஹுல் கே பாத்" என்கிறாள். நர்ஸுக்குப் புரியவில்லை. மளிகைக்கடைக் காலண்டரில் அப்படியொரு பண்டிகை கிடையாது. கணவன் போனில் படம் காட்டுகிறான். சால மரத்தின் பூவை வைத்துப் பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். பழங்குடி மக்களின் வசந்தத் திருநாள்.

பக்கத்தில் இருந்த தெலுங்குக்காரப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "எப்போ வரும்னு கேளு" என்கிறாள். அவன் இந்தியில் ஏதோ சொல்கிறான், 'சைத்ர' என்ற சொல் காதில் விழுகிறது. பாட்டிக்கு அது போதும். "சைத்ரமா? எந்தத் திதி? மூணா? அப்படீன்னா நம்ம உகாதிக்கு ரெண்டு நாள் கழிச்சு, சிஸ்டர்." ஓசூரில் உகாதி இல்லாத காலண்டர் ஏது? நர்ஸ் தாளைத் தள்ளி, உகாதிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

ஆனால் 'அப்புறம்' என்றால் எத்தனை நாள் அப்புறம்? அது அவளுக்கு நினைவில்லை. முதல் ஸ்கேனே ஏழாம் மாசத்தில்தான் எடுத்தார்கள். அதற்கு முன் போகச் சொல்ல ஊரில் ஆள் இருந்தது, இங்கே இல்லை. மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையை உச்சி முதல் பிட்டம் வரை அளப்பார்கள். அப்போது எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் தேதி நாலைந்து நாளுக்கு மேல் பிசகாது. ஏழாம் மாசத்தில் தலையையும் தொடை எலும்பையும் அளந்தால், அப்பா உயரமா, அம்மாவுக்கு ரத்தசோகையா, எல்லாம் அந்த அளவில் கலந்துவிடும். மூன்று வாரம்வரை முன்பின் ஆகலாம். சிறிய குழந்தையா, சின்ன வயதுக் குழந்தையா என்று அப்போது பிரித்துச் சொல்வது கடினம்.

போதாததற்கு, அந்த அளவுக்கான சூத்திரமே மேல்நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து எழுதியது. ஹாட்லாக் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் அது உலகம் முழுக்க ஸ்கேன் மெஷின்களில் இருக்கிறது. குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் விவரங்களை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யும் பரிதாபாத் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இந்தியக் குழந்தைகளுக்கென்று ஒரு கணக்கை உருவாக்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பெயர் 'கர்பிணி-ஜிஏ2'. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்குத் தேதி சொல்லத்தான் அது. இந்த ஜார்க்கண்ட் பெண்ணைப் போன்றவர்களுக்காகவே செய்தது. அது இந்த மாதிரி ஊர்களின் ஸ்கேன் அறைகளுக்குச் சீக்கிரம் வந்து சேர வேண்டும். 2020-இல் இந்தியாவில் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன, உலகின் குறைமாதக் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். தாய்க்குச் சரியான தேதி இல்லையென்றால் அவள் குழந்தை குறைமாதமா என்பதையே எப்படி அறிவது?

அந்தக் கணவனுக்கு வேறு கவலை. போனில் ரயில் டிக்கெட் பக்கம் திறந்திருக்கிறது. 60 நாளுக்கு முன்பே போட வேண்டும், இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியல்தான். மனைவியைத் தன் அம்மாவிடம் கொண்டுபோய் விட வேண்டும். எந்தத் தேதிக்குப் போடுவது? பிறக்கப் போவது ஜனவரி நடுவிலா, கடைசியிலா? நர்ஸ் கைகளை இரண்டு பக்கமும் ஆட்டிச் சொல்கிறார். "ட்ரெயின் நஹி. தோ தின் ட்ரெயின் நஹி. அம்மாவை இங்க வரச் சொல்லு. மாஜி இதர் ஆவோ." இலக்கணம் சரியில்லை, பொருள் சரி. அவன் மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறான். அவள் அன்று முதல்முறையாகச் சிரிக்கிறாள்.

குளுக்கோஸ் குடித்தவர்களில் ஒருத்தி நர்ஸிடம் கம்பெனிக்குக் கொடுக்கச் சான்றிதழ் கேட்கிறாள். இவளுக்கு இரண்டாம் குழந்தை, விவரம் தெரிந்தவள். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமும் 2017-இல் வந்த திருத்தமும் கொண்டுவந்த உரிமைகளில் பல இந்த ஒரு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுபவை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு. அதில் பிரசவ தேதிக்கு முன்னால் 8 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. அந்தத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். தேதிக்கு முந்தைய 6 வாரமும், அதற்கும் முந்தைய ஒரு மாதமும், அவள் கேட்டுக்கொண்டால் நெடுநேரம் நின்று செய்யும் வேலையைத் தரக் கூடாது. கேட்டுக்கொண்டால் என்பதில் இருக்கிறது எல்லாம். லைனில் நிற்கும் ஒப்பந்தப் பெண் சூப்பர்வைசரிடம் போய் எப்படிக் கேட்பாள்? வேலையே போய்விடுமோ என்ற பயத்தில் வயிற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பற்றி இந்த வராண்டாவிலேயே பேசிக்கொள்கிறார்கள்.

"நான் கடைசி வாரம் வரைக்கும் போவேன் சிஸ்டர். முன்னாடி எடுக்குற ஒவ்வொரு நாளும் புள்ள பொறந்த அப்புறம் குறைஞ்சுடும்ல" என்கிறாள் இவள். தேதி ஒன்பது நாள் தப்பாக எழுதப்பட்டால் பால்குடிக் குழந்தையோடு இருக்க வேண்டிய ஒன்பது நாள் போய்விடும். அந்த இழப்பை யாரும் ஒரு தப்பு என்று பதிவதில்லை.

பதினொரு மணிக்கு மேல் ஆட்டோவில் வந்து இறங்குகிறாள் ஒருத்தி. நடையே சொல்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் வேலைக்குப் போனவள். தேதி போன வியாழக்கிழமையே தாண்டிவிட்டது. 40 வாரம் 5 நாள். உட்காருவதற்குள் போன் அடிக்கிறது. எடுத்துப் பேசிவிட்டு வைத்தால் மறுபடி அடிக்கிறது. கன்னடத்தில் யாரோ அத்தை கேட்பது வெளியே கேட்கிறது. "இன்னூ ஆகில்வா?" மூன்றாவது அழைப்பை அவள் எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட வந்த பாட்டிக்குப் பயம். வலி எடுக்கவில்லை, சூட்டு வலி மட்டும் வந்து வந்து போகிறது, சீரகக் கஷாயம் கொடுத்தால் அடங்கிவிடுகிறது. இவளுடைய தங்கைக்கு ஏழு மாசத்தில் பிறந்து பிழைத்துக்கொண்டது, எட்டு மாசத்தில் பிறந்தால் பிழைக்காது என்பார்கள், இது என்ன பத்து மாசம் தாண்டியும் வரவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். ஏழு பிழைக்கும் எட்டு பிழைக்காது என்பது தப்பு, வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பலம்தான் என்று டாக்டரம்மா பாட்டிக்கு அருகில் குனிந்து சொல்கிறார்.

சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் 100-க்கு நாலோ ஐந்தோதான். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 125 கர்ப்பங்களில் கருமுட்டை வெளிவந்த நாளையே சிறுநீர்ப் பரிசோதனையால் கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணிப் பார்த்தது. நினைவுப் பிழை இல்லை, காலண்டர் பிழை இல்லை. குறைமாதங்களை ஒதுக்கிய பிறகும் ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் கர்ப்பகாலம் 37 நாள்வரை வேறுபட்டது. ஐந்து வாரத்துக்கு மேல்! அப்படியிருக்க ஒற்றைத் தேதியை எழுதிக் கொடுத்து, அந்த நாள் தாண்டியதும் ஊரே போன் போட்டுக் கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் என்பதுபோல் பொதுவாக ஊருக்குச் சொல்லிவிட்டு, தேதியை அட்டையோடு வைத்துக்கொள்ளலாம். போனைக் கவிழ்த்து வைக்க வேண்டியிருக்காது.

அதற்காக இருக்கட்டும் என்று விட்டுவிடுவதும் இல்லை. 41 வாரத்துக்குப் பிறகு நச்சுக்கொடி தளரத் தொடங்கலாம், பனிக்குட நீர் குறையலாம், குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிடலாம். தேதி நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கு 41 முடிந்ததும் வலி வரவைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கு என்ற இடத்தை மறக்கக் கூடாது. இவளுக்கு முதல் ஸ்கேன் சரியான நேரத்தில் எடுத்தது, அதனால் தேதி நிச்சயம்.

நர்ஸ் டேப்பை அவள் வயிற்றில் வைத்து அளக்கிறார். அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை. பிறகு டாப்ளரை வைக்கிறார். வெள்ளைப் பசை குளிர்ந்து அவள் உடம்பு சிலிர்க்கிறது. தட் தட் தட் என்று அறை முழுக்கக் கேட்கிறது. பாட்டி கைகூப்புகிறாள்.

"அசைவு எப்படி இருக்கு? நேத்து ராத்திரி சாப்பிட்ட அப்புறம் ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை துடிச்சுது?"

"எண்ணல மேடம்."

"எண்ணணும். சாப்பிட்டு இடது பக்கமா படுத்துக்கிட்டு எண்ணு. குறையுற மாதிரி தெரிஞ்சா விடியட்டும்னு இருக்காதே. தண்ணி போனாலும் சரி, ரத்தம் பட்டாலும் சரி, 108-க்குப் போன் பண்ணு. ஒண்ணும் இல்லைனாலும் நாளைக்குக் காலையில ஓசூர் ஜி.எச்.ல போய் அட்மிட் ஆயிடு. பெல்ட் கட்டிக் குழந்தை துடிப்பைப் பார்ப்பாங்க, வலி வர ஜெல் வைக்கிறதா வேண்டாமான்னு அங்க முடிவு பண்ணுவாங்க. தேவைப்பட்டா கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜுக்கு அவங்களே அனுப்புவாங்க." எழுதிக் கொடுத்துவிட்டு, ஒருமுறை யோசித்து, டாக்டரம்மா தன் போன் எண்ணையும் ஓரத்தில் எழுதினார்.

மருந்துக் கவுண்டரில் சத்து மாத்திரை கொடுக்கும் நேரம். வரிசை கலைகிறது. மாமியாரும் மருமகளும் இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறார்கள். ஜோசியர் தாள் மடியில் விரிந்து கிடக்கிறது. மாமியார் கேட்கிறாள். "கார்த்திகையில எடுத்தா மூச்சு வாங்கும்னு அந்தம்மா நெசமாத்தான் சொல்லுதா?"

"எல்லாக் குழந்தைக்கும் வாங்காது அத்தை. சிலதுக்கு வாங்கும். நம்மளுதுக்கு வாங்குமா வாங்காதான்னு அவங்களுக்கும் தெரியாது."

"மார்கழியில ஒரு காரியமும் செய்யறதில்லையே."

"பொறக்குறது நாமளா செய்யறதா அத்தை? அதுவா வலி எடுத்து வரட்டும். 24-ஐயே வெச்சுக்கலாம். அதுக்கு ரெண்டு வாரம் முன்னப்பின்ன ஆனாலும் ஆவட்டும்."

மாமியார் தாளை நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை. "சரி. அந்த ஆஸ்பத்திரிக்குக் கட்டுன ஆயிரம் ரூபாயை உன் புருஷனை விட்டுத் திருப்பி வாங்கச் சொல்லு. உங்கம்மாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு, நான் சொன்னா சண்டைக்கு வருவா. ஜோசியர்கிட்ட அவதான முதல்ல போனா."